பாக்ஸைத் திறக்கும் முன் முடிவெடுக்க வேண்டாம்

சங்ககிரி தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. 2014 மாடல் பத்துச் சக்கர வண்டி, அப்பா ஓட்டியது, ட்யூ முடிந்து இப்போதுதான் கையில் நாலு காசு நிற்கிறது, அதற்குள் கியர் பாக்ஸ் மக்கர் செய்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நாலாவது கியர் இறக்கத்தில் ஸ்லிப் ஆகிறது. நியூட்ரலில் நிற்கும்போது உள்ளே ஒரு முனகல். பட்டறைக்காரர் கோனும் ஸ்லீவும் மாற்றினால் போதும் என்கிறார். மச்சான் முழுசாக ஓவர்ஹால் பண்ணச் சொல்கிறார். புரோக்கர் ஒருவர் பழைய பாக்ஸ் ஒன்றைக் கைவசம் வைத்துக்கொண்டு அவசரப்படுத்துகிறார். வீட்டு நகையை அடகு வைக்கும் அளவுக்கு விஷயம் போயிருக்கிறது. ஒற்றை லாரி வைத்துப் பிழைக்கிற எல்லாருக்கும் இந்த நாள் ஒருமுறையாவது வரும் என்பதால், உங்களுக்கான பதிலை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பண விஷயத்துக்கு முன்னால் உயிர் விஷயம். இந்த வண்டியில் இனி லோடு ஏற்றாதீர்கள். பெங்களூரு போய்த் திரும்பும்போது தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாய் இறங்குகிறீர்கள். அந்த இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது பிரேக் மட்டும் அல்ல, கியரில் இருக்கும் எஞ்சினும்தான். லோடு வண்டி அங்கே நாலாவதிலிருந்து நியூட்ரலுக்கு விழுந்தால் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் வந்துவிடும். டிரம் சூடேறி லைனர் பிடி விட்டபின் மிதித்தும் பயனில்லை. வேகம் ஏறிய பிறகு கியரைத் திரும்பப் போட முயன்றால் பல்லோடு பல் அரைக்குமே தவிர உள்ளே போகாது. இரட்டைப் பாலத்தருகே நடந்த விபத்துகளைச் செய்தியில் படித்திருப்பீர்கள். கியர் ஸ்லிப் ஆவதைக் கையால் ராடை அமுக்கிப் பிடித்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்படி அமுக்கிப் பிடிப்பதே ஃபோர்க்கைத் தேய்த்துக் கோளாறை வளர்க்கும்.

இனி பாக்ஸுக்கு வருவோம். இறக்குவதற்கு முன் வெளியே இருந்தே தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. நியூட்ரலில் எஞ்சின் ஓடும்போது முனகல் வருகிறது என்கிறீர்கள். கிளட்ச்சை முழுதாக மிதித்துப் பாருங்கள். மிதித்ததும் சத்தம் நின்றால் கிளட்ச் ஷாஃப்ட் பேரிங்கிலோ லே ஷாஃப்ட் பேரிங்கிலோ கோளாறு. மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் அது ரிலீஸ் பேரிங், பாக்ஸைக் குறை சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்றும் கவனியுங்கள். டைரக்ட் கியரில் ஓடும்போது எஞ்சினின் விசை லே ஷாஃப்ட்டைத் தொடாமல் நேராக மெயின் ஷாஃப்ட்டுக்குப் போய்விடும். மற்ற கியர்களில் உறுமிக்கொண்டு வந்த பாக்ஸ் டைரக்ட் கியரில் அடங்கினால், லே ஷாஃப்ட் பக்கம்தான் நோய். ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் என்றால் அந்த ஜோடிப் பல்லைப் பார்த்தால் போதும். இதையெல்லாம் காலி வண்டியில், சமதளத்தில், பகலில் சோதியுங்கள்.

ஸ்லிப் ஆவதற்கும் பாக்ஸ்தான் காரணம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். கியர் ராடு லிங்கேஜில் புஷ் தேய்ந்திருந்தால் கியர் முழுதாக உள்ளே போகாமல் பாதியில் நிற்கும். எஞ்சின் மவுண்டிங் ரப்பர் நைந்திருந்தால் இறக்கத்தில் எஞ்சினும் பாக்ஸும் சேர்ந்து அசையும், ராடு தானாகக் கியரை வெளியே இழுக்கும். இவை இரண்டும் சில்லறைச் செலவு. இவற்றைப் பார்க்காமலே பாக்ஸை இறக்கச் சொல்கிற பட்டறை எதுவானாலும் எனக்கு நம்பிக்கை வராது.

அடுத்து, ஆயிலை வடியுங்கள். சூடாக இருக்கும்போதே, சுத்தமான தட்டில். டிரெயின் பிளக்கில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் சேறு மாதிரி படிந்திருந்தால் பயப்பட வேண்டாம், பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பாக்ஸில் அது இருக்கத்தான் செய்யும். விரலில் எடுத்துத் தேய்க்கும்போது குத்தினால் துகள் பெரிது. செதில் செதிலாக இரும்பு வந்தால் பேரிங் உரிகிறது. நகத்தளவு துண்டு கிடைத்தால் பல் உடைந்திருக்கிறது. காந்தத்தில் ஒட்டாமல் தட்டின் அடியில் மஞ்சளாக மின்னுவது பித்தளை, அதாவது கோன் கரைந்திருக்கிறது. ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அளந்தும் பாருங்கள். பாக்ஸின் கொள்ளளவை விட வெகுவாகக் குறைந்திருந்தால், எங்கோ சீல் கசிந்து உள்ளே வறண்டு ஓடியிருக்கிறது என்று அர்த்தம். அப்படி வறண்ட பாக்ஸில் பல்லோ பேரிங்கோ நீலம் பாய்ந்திருக்கும். அந்த உருப்படியை மறுபடி உள்ளே வைக்கவே கூடாது.

நாலாவது கியர் ஏன் இறக்கத்தில் மட்டும் ஸ்லிப் ஆகிறது என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. ஏற்றத்தில் எஞ்சின் சக்கரத்தைத் தள்ளுகிறது. இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை எடுத்ததும் சக்கரம் எஞ்சினைத் தள்ளுகிறது. பாரம் பல்லின் ஒரு முகத்திலிருந்து எதிர் முகத்துக்கு மாறுகிறது. ஸ்லீவின் உள்பல்லும் கியரின் பக்கத்தில் இருக்கும் நாய்ப்பல்லும் கொஞ்சம் உள்சரிவாக வெட்டப்பட்டிருக்கும். இரண்டு கை விரல்களையும் மடக்கிக் கொக்கி போட்டு இழுத்தால் இழுக்க இழுக்க இறுகுவது போல, பாரம் ஏற ஏற அவை ஒன்றையொன்று உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தச் சரிவு தேய்ந்து முனை மழுங்கியதும் அதே பாரம் ஸ்லீவை வெளியே தள்ளத் தொடங்கும். உங்கள் வண்டியில் இறக்கத்துக்கு வேலை செய்கிற முகம் மழுங்கியிருக்கிறது. கூடவே மெயின் ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பேரிங் தேய்ந்து ஷாஃப்ட் ஆடினால் புது ஸ்லீவ் போட்டாலும் சில மாதத்தில் பழைய கதைதான். முனகலும் ஸ்லிப்பும் சேர்ந்தே வந்திருப்பதால், பட்டறைக்காரர் சொல்லும் கோனும் ஸ்லீவும் மட்டும் போதாது என்று நினைக்கிறேன்.

ஆனால் பாக்ஸைத் திறக்காமல் நானோ அவரோ எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே பட்டறையோடு பேசும்போது ஒன்றை முதலிலேயே பேசிவிடுங்கள்: ‘இறக்க, கழற்ற, கழுவி வரிசையாக அடுக்க இவ்வளவு கூலி. அதற்குமேல் எது செய்வதானாலும் நான் நேரில் பார்த்த பிறகே.’ அடுக்கிய அன்று நீங்கள் அங்கே இருக்க வேண்டும். வேறு வேலை இருந்தாலும் இருங்கள்.

அன்று முதலில் பார்க்க வேண்டியது பல்லை அல்ல, ஹவுசிங்கை. பேரிங் உட்காரும் துளைகளில் விரலை ஓட்டுங்கள். வழுவழுப்பாக, ஒரே சீராக இருக்க வேண்டும். பேரிங்கின் வெளி வளையம் துளைக்குள்ளேயே சுற்றியிருந்தால் அங்கே பளபளப்பும் ஒரு படிக்கட்டும் தட்டுப்படும். துளை பெரிதாகிவிட்டால் இரண்டு ஷாஃப்ட்டுக்கும் இடையே உள்ள தூரம் மாறிவிடும். புதுப் பல் போட்டாலும் முகத்தோடு முகம் சரியாகச் சேராது. லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி புஷ் அடித்துத் தரலாம்தான். இரண்டு பக்கத் துளைகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கும்படி வைத்துக் கடைகிற இயந்திரமும் கையும் இருந்தால் மட்டும் அதற்குச் சம்மதியுங்கள். அடுத்து லே ஷாஃப்ட்டைப் பாருங்கள். பல வண்டிகளில் அதன் பல்கள் ஷாஃப்ட்டோடு சேர்ந்தே வரும், ஒன்று போனால் மொத்தமாக மாற்ற வேண்டும். ஒரு பல் சக்கரத்தை மாற்றினால் அதோடு சேர்ந்து ஓடிய ஜோடியையும் மாற்றுங்கள். தேய்ந்ததும் புதியதும் சேர்ந்தால் கத்திக்கொண்டேதான் ஓடும்.

ஹவுசிங்கும் ஷாஃப்ட்களும் நன்றாக இருந்தால் உங்கள் மச்சான் சொல்வதுதான் சரி. இறக்கி ஏற்றும் கூலி ஒரு பேரிங்குக்கும் அதேதான், எல்லா பேரிங்குக்கும் அதேதான். ஒரே ஆயிலில், ஒரே பாரத்தில், ஒரே காலம் ஓடிய பேரிங்குகளில் ஒன்று உரிந்துவிட்டால் மற்றவையும் பின்னாலேயே வரும். ஆகவே எல்லா பேரிங்கும், எல்லா சீலும், எல்லா கோனும், தேய்ந்த ஸ்லீவும் ஃபோர்க்கும் ஒரேயடியாக மாறட்டும். பாக்ஸ் கீழே இருக்கும்போதே ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கிளட்ச் பிளேட், எஞ்சின் பின் சீல் நாலையும் பார்த்துவிடுங்கள். பேரிங்கில் போலி அதிகம். எஸ்.கே.எஃப். நிறுவனம் போலியைக் கண்டுபிடிக்கவே செல்போன் செயலி ஒன்றை வைத்திருக்கிறது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். பில் வாங்குங்கள், கழற்றிய பழைய உருப்படிகளைச் சாக்கில் கேட்டு வாங்குங்கள். ஷிம் வைக்கும்போது மெக்கானிக் டயல் கேஜ் வைத்து அளக்கிறாரா என்று பாருங்கள். கையால் ஆட்டிப் பார்த்து ‘சரியா இருக்குண்ணே’ என்று மூடுகிறவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஹவுசிங் போய், லே ஷாஃப்ட்டும் போய், ஓவர்ஹால் கணக்கு ஏறிக்கொண்டே போனால் அங்கே நிறுத்துங்கள். வண்டிக் கம்பெனியின் ரீகண்டிஷன் பாக்ஸ் என்ன விலை என்று கேளுங்கள். உதாரணமாக டாடாவில் ப்ரோலைஃப் என்ற பெயரில் பழைய பாக்ஸை வாங்கிக்கொண்டு செப்பனிட்ட பாக்ஸைத் தருகிறார்கள். எழுத்தில் வாரண்டி கிடைக்கும், வண்டி நிற்கும் நாளும் குறையும். உடைந்த ஹவுசிங்கை எக்ஸ்சேஞ்சில் எடுப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். உதிரி பாகங்களின் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 28-லிருந்து 18 சதவீதமானது. அதற்கு முந்தைய விலைப்பட்டியலைக் காட்டிப் பேசுகிறவரிடம் புதிதாகக் கேட்டு வாங்குங்கள். ஓவர்ஹால் கணக்கு எக்ஸ்சேஞ்ச் விலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால், நான் எக்ஸ்சேஞ்சைத்தான் எடுப்பேன். புத்தம் புதுப் பாக்ஸ் இந்த வயது வண்டிக்குத் தேவையில்லை.

புரோக்கரின் பழைய பாக்ஸ் எனக்குப் பிடிக்கவில்லை, மறைக்காமல் சொல்கிறேன். எந்த வண்டியில் எவ்வளவு ஓடியது என்று யாருக்கும் தெரியாது. கெட்டியான ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அடக்கி விற்பது நடக்கிற காரியம். வாங்கியே ஆக வேண்டுமானால் மேல் மூடியைத் திறக்கச் சொல்லிப் பல் எல்லாவற்றையும் சுற்றிப் பாருங்கள், கிளட்ச் ஷாஃப்ட்டைப் பிடித்து ஆட்டுங்கள். ஸ்ப்ளைன் எண்ணிக்கையும் கியர் விகிதமும் உங்கள் வண்டிக்கு ஒத்துவருகிறதா என்று உறுதி செய்யுங்கள். பில் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். திருட்டு வண்டியில் கழற்றியதாக இருந்தால் போலீஸ் உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

எந்த வழி என்பதைத் தீர்மானிக்க இன்னொரு கேள்விக்கும் பதில் வேண்டும். இந்த வண்டியை இன்னும் எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள்? 8 வருடம் தாண்டிவிட்டதால் இப்போதே ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்கிறீர்கள். 2029-ல் 15 வருடம் ஆகிவிடும். அந்த வயதைத் தாண்டிய கனரக வண்டிக்கு எஃப்.சி. கட்டணம் 2022 ஏப்ரல் முதலே பல மடங்கு ஏறிவிட்டது. சேஸிஸும் எஞ்சினும் திடமாக இருந்து அதுவரையாவது ஓட்டுவதாக இருந்தால், ஓவர்ஹாலுக்குப் போடும் பணம் வீண் போகாது. எஞ்சினும் ஆயில் குடிக்கிறது, அடுத்த வருடமே கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் நகையை அடகு வைக்க வேண்டாம். ஸ்லிப் ஆகாமல் ஓடும் அளவுக்கு மட்டும் செய்து, செய்ததை வாங்குகிறவரிடம் சொல்லி, பில்லையும் காட்டி விற்றுவிடுங்கள். ஸ்லிப்பை மட்டும் அரைகுறையாக விடக் கூடாது, அடுத்து அந்த வண்டியில் தொப்பூர் இறங்கப் போகிறவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

பாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்துச் சக்கர வண்டியின் மொத்த எடை வரம்பு 2018 ஜூலையில் 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்ந்தது. உங்கள் பாக்ஸ் அதற்கு முன் 25 டன் கணக்கில் செய்யப்பட்டது. வாடகை ஆசையில் அதற்குமேல் ஏற்றாதீர்கள்.

பட்டறைக்கு வண்டியைக் கட்டி இழுத்துப் போவதானால் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிடுங்கள். எஞ்சின் ஓடாதபோது லே ஷாஃப்ட் சுற்றாது, ஆயிலை மேலே அடிக்க ஆள் இல்லை, சக்கரம் சுழற்றும் மெயின் ஷாஃப்ட் மட்டும் வறண்டு சுற்றும். நல்லதாக இருந்த பாக்ஸும் அப்படிப் போயிருக்கிறது. இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிற பழக்கம் டிரைவருக்கு இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

பாக்ஸை மூடி ஏற்றியதும் ஆயில் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். பல பட்டறைகளில் கிரௌனுக்கு ஊற்றும் ஜி.எல்.5 ஆயிலையே பாக்ஸிலும் ஊற்றிவிடுகிறார்கள். அதிலுள்ள கந்தகச் சேர்மானம் பித்தளைக் கோனை அரிக்கக்கூடும். கம்பெனி கையேட்டில் எந்த கிரேடு போட்டிருக்கிறதோ அதை மட்டும், பெரும்பாலும் ஜி.எல்.4 ஆகத்தான் இருக்கும், சீல் உடைக்காத டப்பாவில் வாங்கி உங்கள் கண் முன்னால் ஊற்றச் சொல்லுங்கள். முதல் ஆயிலைச் சீக்கிரமே வடித்து மாற்றுங்கள், புதுப் பல் உதிர்க்கும் பொடி அதோடு போய்விடும். வடித்ததும் பிளக்கை மறுபடி பாருங்கள். அப்போதும் செதில் வந்தால் அன்றே பட்டறைக்குக் கொண்டுபோய், வாரண்டித் தாளை நீட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்