பாரணை இல்லாத விரதம்

இந்த மாதப் பாடம் சாப்பாட்டைப் பற்றியது. உடற்பயிற்சி நல்லது, விரதம் நல்லது என்று நம் வகுப்புகளில் பலமுறை பேசியிருக்கிறோம். அந்த இரண்டும் நோயாக மாறுவது எப்போது என்று இன்று பார்ப்போம். ஆறு வருஷம் அந்த நோயோடு இருந்து, சிகிச்சை எடுத்துக் குணமானவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். என் எடை எவ்வளவு, எவ்வளவு குறைவாகச் சாப்பிட்டேன் என்ற கணக்கெல்லாம் இங்கே வராது. இந்த நோய் உள்ளவர்கள் அந்த எண்களோடு போட்டி போட ஆரம்பித்துவிடுவார்கள்.

1. விரதமும் பட்டினியும்

ஏகாதசி விரதம் இருப்பவர் மறுநாள் துவாதசியன்று அகத்திக்கீரை, நெல்லிக்காய் சேர்த்துச் சாப்பிட்டுப் பாரணை செய்வார். கந்த சஷ்டிக்கும் முடிக்கும் நாள் உண்டு. தைப்பூசத்துக்கு விரதம் இருப்பவரும் நேர்த்திக்கடன் முடிந்தபின் விரதத்தை முடித்துக்கொள்வார். எந்த விரதத்துக்கும் ஒரு முடிவு இருக்கிறது.

எனக்கு வந்ததற்கு முடிவே இல்லை. காலையில் ஓட்டம், வேலை முடிந்ததும் ஜிம், ராத்திரி அறைக்குள் மறுபடியும் பயிற்சி. காய்ச்சல் அடித்தாலும் ஓடணும். ஓடாத நாளில் சாப்பிடவே பயம். செவ்வாய், வெள்ளி என்று தொடங்கிய விரதம் வாரத்தில் ஐந்து நாள் ஆனது. "இந்த வயசுல என்ன பக்தி!" என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். "எப்படிடி இவ்வளவு ஸ்லிம்மா இருக்கே?" என்று தோழிகள் கேட்டார்கள். அம்மா மட்டும், "சாமி கும்பிடும்போதுகூட உன் முகத்துல நிம்மதி இல்லையேம்மா" என்றார்.

2. உடம்புக்குள் நடப்பது

செய்கிற பயிற்சிக்குத் தகுந்த சாப்பாடு இல்லையென்றால், உடம்பு சிக்கனம் பிடிக்கத் தொடங்கும். மாதவிடாய் நின்றுபோகலாம். எலும்பு வலுவிழக்கும். இதயத் துடிப்பு மந்தமாகும். எப்போதும் குளிரும், முடி கொட்டும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆண் விளையாட்டாளர்களுக்கும் இது வரும் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே தம்பிகளும் கவனிக்கணும்.

மனமும் மாறும். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு 24 வாரம் குறைவான உணவு கொடுத்து ஆராய்ந்தார்கள். அவர்களுக்கு எந்நேரமும் சாப்பாட்டு நினைப்புதான். சிலர் சமையல் புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். எரிச்சல், சோர்வு, யாரோடும் சேராமல் ஒதுங்குவது எல்லாம் வந்தன. பட்டினி கிடந்தால் எவருக்கும் மனம் இப்படித்தான் ஆகும். "மனசைக் கட்டுப்படுத்து, சரியாயிடும்" என்று நோயாளியிடம் சொல்வதில் பயன் இல்லை.

எனக்கு ஏழு மாதம் மாதவிடாய் வரவில்லை. பிறகு ஒருநாள், கீழே விழாமலேயே பாத எலும்பில் விரிசல் கண்டது. அம்மாதான் கிளினிக்குக்கு அழைத்துப் போனார்.

3. குணமான வழி

டாக்டர் ஓட்டத்தையும் விரதத்தையும் சேர்த்தே நிறுத்தச் சொன்னார். நோயாளிகள் விரதம் இருக்க வேண்டியதில்லை என்று நம் பெரியவர்கள் காலங்காலமாகச் சொல்லி வருவதுதான். அதனால் வீட்டில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

உணவியல் நிபுணர் மூன்று வேளை சாப்பாடும், இடையில் மைலோ, பிஸ்கட், பழம் என்று சிற்றுணவும் எழுதிக் கொடுத்தார். பசிக்கும்வரை காத்திருக்காமல் மணி பார்த்துச் சாப்பிடணும். ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்பில் பசி உணர்வு ஒழுங்காக வேலை செய்யாது. நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையச் சாப்பிட்டால் இரத்தத்தில் தாது உப்புகள் குறைந்து இதயத்துக்கே ஆபத்து வரலாம். ஆகவே வீட்டிலேயே சரிசெய்யப் பார்க்காமல், டாக்டர் துணையோடுதான் தொடங்க வேண்டும்.

முதல் மாதங்களில் வயிறு உப்பியது, பயம் கூடியது. மனநல ஆலோசகரிடம் வாராவாரம் போனேன். அம்மா தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். என் தட்டைப் பார்க்காமல் ஊர்க்கதை பேசுவார். எட்டாவது மாதம் மாதவிடாய் திரும்பியது. பயமில்லாமல் சாப்பிட இரண்டு வருஷம் ஆனது. இப்போது வாரத்தில் இரண்டு நாள் தோழியோடு பூப்பந்து ஆடுகிறேன். மழை வந்தால் ஆட்டத்தை விட்டுவிட்டு மாமாக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிடப் போய்விடுவோம். பயிற்சியை விட்டாலும் மனம் பதறவில்லையே, அதுதான் எனக்குக் கிடைத்த பாரணை.

4. நாம் செய்யக்கூடியது

தீபாவளி திறந்த இல்ல உபசரிப்பில் "சதை போட்டுட்டியே", "மெலிஞ்சு அழகாயிட்டே" என்ற இரண்டு பேச்சையும் விடுவோம். ஒருவர் விரதத்தைக் கூட்டிக்கொண்டே போனால், அடிபட்ட காலோடு ஓடினால், பிறரோடு சாப்பிடுவதைத் தவிர்த்தால், தனியாக அழைத்துப் பேசுங்கள். "சாப்பிடு" என்று அதட்ட வேண்டாம். "உன்னைப் பத்திக் கவலையா இருக்கு, டாக்டரைப் பார்க்க நானும் கூட வரேன்" என்று சொன்னாலே போதும். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

கலந்துரையாட:

அ. விரதம் முடிந்ததும் உங்கள் மனம் எப்படி இருக்கிறது? நிம்மதியா, பயமா?

ஆ. ஒருவரின் உடம்பைக் குறிப்பிடாமல் அவரைப் பாராட்ட மூன்று வாக்கியங்கள் சொல்லுங்கள்.

இ. நம் முகாம்களில் "இன்று என்னால் முடியவில்லை" என்று ஒருவர் சொன்னால், நாம் எப்படி ஏற்றுக்கொள்கிறோம்?