பனி மூடும் ஏரியும் மணல் மூடும் ஏரியும்

(இளம் அறிவியல் மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

மார்கழி பிறந்துவிட்டால் வெளியூர் மக்கள் எங்கள் பழவேற்காட்டுக்குப் பறவை காண வருவர். படகில் ஏறியதும் அவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "இந்தப் பூநாரையெல்லாம் சைபீரியாவிலிருந்தா வருகின்றன?" என்பதே. படகோட்டியும் "ஆமாங்க சார்" என்று சொல்லிவிடுவார். பள்ளி நாள்களில் நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன். அது பிழை. பெரும்பூநாரை நம் நாட்டில் முட்டையிட்டுப் பெருகும் முதன்மையான இடம் குஜராத்தின் கட்ச் ரண் என்னும் உப்புச் சதுப்பாகும். உறைபனி நாடுகளிலிருந்து உண்மையாகவே வருபவை, பூநாரையின் அழகுக்கு முன் யாரும் கவனிக்காமல் விட்டுவிடும் ஊசிவால் வாத்து, உள்ளான் முதலிய பறவைகளே.

அவை ஏன் வருகின்றன? குளிர் தாங்காமல் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் வாத்துக்கு இறகுப் போர்வை உண்டு. மேலும் அதன் காலில், உடலிலிருந்து இறங்கும் சூடான குருதி, மேலேறும் குளிர்ந்த குருதிக்குத் தன் வெப்பத்தை வழியிலேயே கொடுத்துவிடுகிறது. எனவே பாதம் சில்லிட்டாலும் உடற்சூடு வீணாவதில்லை. வாத்தை விரட்டுவது குளிரைக் காட்டிலும், மூடிப்போன நீரே ஆகும்.

இதற்கு லடாக்கிலுள்ள பாங்காங் ஏரியைச் சான்றாகக் கொள்ளலாம். ஏறத்தாழ 4,250 மீட்டர் உயரத்தில் உள்ள அது எங்கள் ஏரியைப் போலவே உவர்நீர் கொண்டது. ஆயினும் குளிர்காலத்தில் உறைந்துவிடுகிறது. உப்புநீர் உறையாது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கடல்நீரே சுழிக்குக் கீழ் 1.9 பாகை செல்சியஸ் அளவில் உறையும். உப்பு உறைதலைத் தள்ளிப்போடுமே தவிரத் தடுத்துவிடாது. நன்னீர் ஏரியிலோ 4 பாகையில் நீர் மிகுந்த அடர்த்தி பெற்று அடியில் தங்க, அதனினும் குளிர்ந்த நீர் மேலே நின்று உறைகிறது. அடியில் மீனும் பாசியும் உயிரோடிருக்கும். மேலிருக்கும் வாத்துக்குத்தான் அலகு நுழைய வழியில்லை.

பழவேற்காட்டில் உறைதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. அருகிலுள்ள சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 பாகைதான். எங்கள் ஊர் கண்ட பனிக்கட்டி, இறாலுக்காக லாரியில் வந்திறங்குவது ஒன்றே. இருந்தும் குளிர் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். என் அம்மா, ஆழமில்லாத நீரில் அமர்ந்து நகர்ந்தபடி சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர். பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு விடியலில் இறங்கினால் வெயில் ஏறும்வரை தண்ணீரில்தான்.

சென்ற தை மாதம் ஒரு விடியற்காலை வெப்பமானியுடன் அவருடன் சென்றேன். காற்று 21 பாகை, நீர் 23 பாகை காட்டின. "தண்ணியில இறங்கினா கதகதன்னுதான் இருக்கும் பாப்பா, மேல ஏறி காத்துல நின்னாத்தான் பல்லு கிட்டும்" என்றார் அம்மா. முற்றிலும் சரி. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும்; ஈரச் சேலை அதை உடலிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆனால் அந்தக் கதகதப்பும் ஓர் ஏமாற்றே. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வெப்பத்தைக் கடத்துவது. மூன்று மணி நேரம் கழித்து அம்மாவின் விரல்கள் வெளுத்துச் சுருங்கி, பறியின் முடிச்சை அவிழ்க்க இயலாதிருந்தன. நான்தான் அவிழ்த்தேன். பத்தடி தொலைவில் ஊசிவால் வாத்துகள் அதே நீரில் தலைகீழாகக் கவிழ்ந்து மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு இறகு உண்டு!

குளிருக்கு அம்மா அஞ்சுவதில்லை. அவர் அஞ்சுவது முகத்துவாரம் மூடுவதற்கே. இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து வளர்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவரும் வெள்ளம் மணலை அறுத்து வழி திறக்கும். மழை பொய்த்தாலோ, கரையோரமாக அலை நகர்த்திவரும் மணல் அவ்வழியை அடைத்துவிடும். எங்கள் மக்கள் மண்வெட்டியோடு போய்த் தாமே வெட்டித் திறந்ததும் உண்டு.

நான் பத்தாம் வகுப்புப் படித்த ஆண்டு வழி அடைபட்டுக் கிடந்தது. அம்மா பறியைக் கூரையில் செருகிவிட்டுச் செங்கல் சூளைக்குப் போனார். பாங்காங் உறைந்தால் வாத்து பறந்து வேறு நீர் தேடும். சூளைக்குப் போன அம்மா ஆறு மாதம் கழித்தே திரும்பினார். நான் பாட்டியிடம் இருந்து தேர்வு எழுதினேன்.

வரும் மார்கழியில் அதே இடத்தில் தொடர்ந்து முப்பது நாள் வெப்பநிலையும், துறையில் கருவி கிடைத்தால் உப்புத்தன்மையும் அளக்க எண்ணியுள்ளேன். ஆய்வுக்கூடத்து வெப்பமானி சேற்றில் நழுவிவிடாதிருக்க, அம்மா பழைய பறி ஒன்றின் கயிற்றை அறுத்து அதில் கட்டிக் கொடுத்திருக்கிறார்.