ஃபேரிங்கைக் கழற்றிப் பார்த்து வாங்குங்கள்

ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போக ஸ்போர்ட்ஸ் பைக் தேவையில்லை. பெரிய கம்பெனிகள் பலவும் ஊர் ஊராக பஸ் விடுகின்றன, ஏறிக்கொண்டால் பெட்ரோல் காசு மிச்சம். ஆனால் அந்த பஸ் எங்கே போகிறதோ அங்கே மட்டும்தான் உங்களுக்கு வேலை. சொந்த வண்டி இருந்தால் வேலூரில் இருந்துகொண்டே ஒரு பக்கம் ராணிப்பேட்டை சிப்காட், மறுபக்கம் ஆம்பூர் என்று இரண்டு திசையிலும் இன்டர்வியூ போகலாம். மெர்ச்சண்டைசர், க்யூ.சி. வேலை என்றால் வாணியம்பாடி டேனரிக்கு உடனே போய் நிற்க முடிகிற ஆளுக்குத்தான் முதல் மரியாதை. ஆக, வண்டி என்பது தேவை. அது ஸ்போர்ட்ஸ் வண்டியாக இருக்க வேண்டும் என்பது உங்கள் ஆசை. ஆசைப்படுங்கள், தப்பில்லை. செகண்ட் ஹேண்டில் கணக்குப் பார்த்து வாங்குங்கள்.

1. கையில் 80,000 ரூபாய் இருந்தால் 65,000 ரூபாய்க்குள் வண்டி தேடுங்கள். மீதி 15,000 டயர், செயின் ஸ்பிராக்கெட், இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் என்று முதல் இரண்டு மாதத்திலேயே கரைந்துவிடும். ஓவர்டைமை நம்பி இ.எம்.ஐ. போடாதீர்கள். 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீதம் வரி போட்டது. ஏற்றுமதியை நம்பிய ஊரில் ஆர்டர் சுருங்கினால் முதலில் நிற்பது ஓவர்டைம்தான். ஃபைனான்ஸ்காரருக்கு அது கவலை இல்லை.

2. மாடலுக்கு முன்னால் தேதியைப் பாருங்கள். 2019 ஏப்ரல் 1 முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். 2018இல் வந்த யமஹா ஆர்15 வி3 தொடக்கத்தில் ஏ.பி.எஸ். இல்லாமல்தான் விற்பனையானது. அதனால் ஒரே வண்டி, ஒரே நிறம், ஒரு வருடம் முன்பின் என்றால் விலையில் ஐந்தாயிரம் கூடினாலும் பிந்தையதை எடுங்கள். மழையில் என்.ஹெச். 48இல் லாரிக்குப் பின்னால் பிரேக் பிடிக்கும்போது அந்த ஐந்தாயிரத்தின் மதிப்பு தெரியும்.

என் ஓட்டு சுசுகி ஜிக்ஸர் எஸ்.எஃப்.க்கு. 155 சி.சி., ஏர் கூல்டு, உள்ளூர் மெக்கானிக்குக்குப் பழகிய இன்ஜின். பார்க்க ஸ்போர்ட்ஸ், உட்கார்ந்தால் சாதாரண வண்டி. ஆர்15, கேடிஎம் ஆர்சி 200 இரண்டும் குனிந்து ஓட்டுகிற வண்டிகள். எட்டு மணி நேரம் கட்டிங் செக்‌ஷனில் நின்றுவிட்டு வருகிற இடுப்புக்கும் மணிக்கட்டுக்கும் அந்த உட்காரும் முறை தண்டனை. இருபது நிமிடமாவது ஓட்டிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 நல்ல வண்டிதான், ஆனால் முதல் சம்பளக்காரரின் சர்வீஸ் பட்ஜெட்டுக்கு அது பெரிய வாய். பி.எஸ். 6க்கு மாறாமல் நின்றுபோன ஹோண்டா சிபிஆர் 250ஆர் மலிவாகக் கிடைக்கும், ஸ்பேர் தேடி அலைய நேரம் இருந்தால் பாருங்கள்.

3. இனி உங்கள் தொழில் புத்தியைக் காட்ட வேண்டிய இடம். டேனரியில் செலக்‌ஷன் பார்த்தவருக்கு இது தெரியும்: தோலில் உண்ணிக் கடி, கத்தி வெட்டு எல்லாவற்றையும் கனமான பிக்மென்ட் ஃபினிஷ் மூடிவிடும். பளபளப்பு அதிகமானால் அடியில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். ஃபேரிங்கும் அப்படித்தான். புது ஸ்டிக்கர் ஒட்டிய பழைய வண்டியைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

காலையில் போங்கள், வண்டியைத் தொடாமல் வைக்கச் சொல்லுங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பார்க்கவும். சூடாக இருந்தால் கோல்டு ஸ்டார்ட்டில் தெரிகிற சத்தத்தை மறைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, அது போய் இடிக்கும் ஸ்டாப்பரைப் பாருங்கள். அங்கே நசுங்கியிருந்தால் வண்டி பலமாக விழுந்திருக்கிறது. ஃபேரிங்கை மாற்றலாம், ஸ்டாப்பரை யாரும் மாற்றுவதில்லை. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். டக் டக் என்றால் கோன் செட் தளர்ந்திருக்கிறது. ஃபோர்க்கில் எண்ணெய்ப் பிசுக்கு, செயின் ஸ்பிராக்கெட்டில் கொக்கி போல வளைந்த பல், இதெல்லாம் விலை குறைக்கிற சமாச்சாரங்கள். வண்டியை வேண்டாம் என்று சொல்ல ஸ்டாப்பரும் புகையும் போதும். டயரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23வது வாரம்.

உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போய் 500 ரூபாய் கொடுங்கள். விற்பவர் கூட்டிவரும் மெக்கானிக் விற்பவரின் ஆள்.

4. பேப்பர். இங்கேதான் பலரும் சோம்பேறிகள். வண்டி எண்ணை எம்பரிவாகன் ஆப்பில் போட்டால் எத்தனையாவது ஓனர், வண்டி மேல் ஃபைனான்ஸ் இருக்கிறதா, இன்சூரன்ஸ் தேதி எல்லாம் வரும். இ-சலான் பாக்கியையும் ஆன்லைனில் பாருங்கள். இன்சூரன்ஸில் ஒரு பொறி: 2018 செப்டம்பர் முதல் புது டூவீலருக்கு ஐந்து வருடத் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் சேர்த்தே விற்றார்கள். 2019 வண்டிக்கு அது 2024இலேயே முடிந்திருக்கும். ‘இன்சூரன்ஸ் இருக்கு’ என்று சொல்வார், பேப்பரைக் கேளுங்கள். விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது.

ஃபைனான்ஸ் வண்டி என்றால் ஃபார்ம் 35உம் பேங்க் என்.ஓ.சி.யும் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30. சித்தூர், பெங்களூர் பதிவெண் வண்டி மலிவாக வந்தால் ஃபார்ம் 28 என்.ஓ.சி., தமிழ்நாட்டு வரி இரண்டையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் மலிவு மறைந்துவிடும். தேதி போடாத கையெழுத்து ஃபார்மை நீட்டி ‘பெயரை மெதுவா மாத்திக்கலாம்’ என்றால் மறுத்துவிடுங்கள். விற்பவரை அவசரப்படுத்த ஒரு வழி உண்டு: ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே ஓனர் என்று 2018இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததைச் சொல்லுங்கள். அவரே ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு உங்களுக்கு முன்னால் வந்து நிற்பார்.

5. யாரிடம் வாங்குவது? கன்சல்டிங் கடையில் கமிஷன் விலைக்குள்ளேயே இருக்கும். வி.ஐ.டி. போன்ற வேலூர்க் கல்லூரிகளில் படித்து முடித்து ஊர் திரும்பும் மாணவரிடம் நேரடியாக வாங்கினால் பேரத்துக்கு இடம் அதிகம்: அவருக்கு ரயில் டிக்கெட் தேதி இருக்கிறது, உங்களுக்கு இல்லை. தீபாவளி போனஸ் கையில் விழுந்த வாரத்தில் மட்டும் வாங்கப் போகாதீர்கள், ஊரே அப்போதுதான் வாங்குகிறது. விலையைச் சொன்னபின் வாயை மூடிக்கொள்ளுங்கள். அடுத்து பேசுகிறவர்தான் இறங்கிவருவார்.

6. வாங்கியபின் சைலன்சரை மாற்றாதீர்கள். அபராதம் ஒரு பக்கம். ஷிஃப்ட்டுக்கு வரும்போது கேட் செக்யூரிட்டி முதல் ஹெச்.ஆர். வரை திரும்பிப் பார்க்கிற சத்தத்தோடு வருகிறவருக்கு சூப்பர்வைசர் பதவி தர யாரும் அவசரப்படுவதில்லை.

வண்டியை எடுக்கும் நாளில் டெலிவரி நோட் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். தேதியோடு மணியையும் குறியுங்கள். அன்று காலை 11 மணிக்கு விற்றவர் சிக்னலைத் தாண்டியிருந்து, நீங்கள் வண்டியை எடுத்தது 12 மணிக்கு என்றால், அந்த சலான் யாருடையது என்பதை அந்த ஒரு தாள் சொல்லும்.