பாறைப் பன்னத்துக்குப் பெயர் எழுதுமுன்

அன்புத் தங்கைக்கு,

அட்டன், நுவரெலியாப் பக்கத்துப் பாறைகளில் பன்னம் பார்த்துப் பழகிவிட்டாய். இனத்தைச் சொல்லத் தெரிந்ததும் உபஇனம் பிரிக்கும் ஆசை வரும். நல்ல ஆசைதான். இலையின் தோற்றத்தை மட்டும் நம்பி அதில் இறங்காதே.

தோட்டத்தில் வளர்ந்தவள் நீ. ஒரே தாய்ச்செடியின் துண்டுகளிலிருந்து வளர்த்த வி.பி. தேயிலை நிழல் மரத்தடியில் ஒரு மாதிரியும் வெயில் மேட்டில் வேறு மாதிரியும் இலை விடுவதைப் பார்த்திருப்பாய். பன்னமும் அப்படித்தான். நீர் கசியும் வெடிப்பில் நீண்டு தொங்கும் செடி, காற்றடிக்கும் முகப்பில் விரலளவோடு நின்றுவிடும். இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம்.

ஐரோப்பாவில் வளரும் அஸ்பிளீனியம் டிரைகோமேனிஸ் என்ற பன்னம் இதற்கு மறுபக்கம். அங்கே ஒன்றுபோல் தெரிபவை வேறு வேறு. ‘டிரைகோமேனிஸ்’ உபஇனத்துக்கு 72 நிறமூர்த்தங்கள். ‘குவாட்ரிவேலன்ஸ்’ உபஇனத்துக்கு 144. முன்னது சுண்ணாம்பில்லாத பாறையை நாடும். பின்னதைச் சுண்ணாம்புப் பாறையிலும் பழைய மதிற்சாந்திலும் அதிகம் காணலாம். நிறமூர்த்தம் இரட்டித்தால் உயிரணுவும் வித்தியும் பருக்கும். ஆகவே எண்ண வசதியில்லாதவர்கள் வித்தியை அளக்கிறார்கள். இரு உபஇனங்களின் அளவுகளும் ஓரளவு கலந்தே கிடப்பதால் ஒன்றிரண்டு வித்திகள் போதா. பலவற்றை அளந்து சராசரி பார்.

பாறை பற்றிய அந்த விதியை மட்டும் இங்கே அப்படியே கொண்டுவராதே. நம் மலை பெரும்பாலும் நைஸ் பாறை. சுண்ணாம்பைப் பல இடங்களில் வெள்ளைக்காரன் காலத்துப் பாலத்தின் சாந்தில்தான் தேட வேண்டியிருக்கும்.

நம் பன்னங்களின் நிறமூர்த்தங்களை எண்ணி, லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐரீன் மாண்டனும் ஸ்லெட்ஜும் 1954இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பார்த்தவற்றுள் சுமார் 60 வீதம் பன்மடியம் (நிறமூர்த்தத் தொகுதிகள் இரண்டுக்கு மேல் உள்ளவை). பிரித்தானியாவில் இருப்பதைவிடவும் அதிகம். அதாவது, நாம் ஒரே பெயரில் அழைக்கும் செடிக்குள் பல மடியங்கள் ஒளிந்திருக்கக் கூடும். நம் மலைநாட்டிலும் உள்ள அஸ்பிளீனியம் எத்தியோப்பிக்கம் அப்படியொரு சிக்கலான கூட்டம்.

வேலையை இப்படிச் செய். பழுத்தும் வெடிக்காத வித்திக்கலன்களைத் தேர்ந்தெடு. ஒரு கலனில் எத்தனை வித்திகள் என்று எண்ணு. வழக்கமாக 64 இருக்கும். 32 வந்தால் அது கருக்கட்டலின்றிப் பெருகும் செடியா என்று சந்தேகப்படு. வித்திகள் சுருங்கியும் கோணலாகவும் இருந்தால் கலப்பினமாக இருக்கலாம். இலைக்காம்பின் அடியிலுள்ள செதில்களையும் பார். அவசரக்காரர்கள் தவறவிடுவது அதைத்தான். பாறை எந்தத் திசையைப் பார்க்கிறது, ஈரம் எவ்வளவு, உயரம் என்ன என்பதை அங்கேயே நின்று குறித்துக்கொள்.

செடியைப் பிடுங்காதே. முதிர்ந்த ஓர் இலையும் சில செதில்களும் போதும். ஹோர்டன் சமவெளி தேசியப் பூங்கா. அங்கே அனுமதியில்லாமல் ஓர் இலையும் எடுக்கக் கூடாது.

பிறகு பேராதனையில் உள்ள தேசிய உலர்தாவரச் சேகரத்துக்குப் போய் ஒப்பிட்டுப் பார். அப்போதும் தீராவிட்டால் இனப் பெயரோடு நிறுத்து. வித்திகளை ஒரு காகிதப் பொட்டலத்தில் மடித்து மாதிரித் தாளோடு ஒட்டிவை. உபஇனம் எழுதாத மாதிரியைப் பின்னால் வருபவர் அந்த வித்திகளை அளந்து தீர்த்துக்கொள்வார். நீ ஊகத்தில் எழுதிய பெயரோ பட்டியலுக்குப் பட்டியல் நகலாகும். அதைத் திருத்துவது கண்டுபிடிப்பதைவிடக் கடினம்.

அன்புடன்,
உன் அண்ணன்