குளிர்மேல் பழி போடாதீர்கள்: மலையகத்தில் நைட்ரோ லொறி

கார்புரேட்டர் வைத்த பழைய வண்டியை நுவரெலியா ஏப்ரல் சீசனில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்துக்குக் கொண்டுவருகிற எந்த மெக்கானிக்கும் கொழும்பு செட்டிங்கோடு அதைத் தொடக்கக் கோட்டில் நிறுத்தமாட்டார். அதே சீசனில் கார் டிக்கியில் ஒரு ரிமோட் நைட்ரோ லொறியைப் போட்டுக்கொண்டு வருகிறவரோ, மைதானத்தில் இறக்கியதும் அது இருமிப் புகை கக்கி நின்றுவிட்டால், “இந்தக் குளிருக்கு இது சரிவராது” என்று முடித்துவிடுவார். சுற்றி நிற்பவர்களில் ஒருவர் த்ரீவீலர் ஓட்டுகிறவர், இன்னொருவர் தோட்டத்தில் புல்வெட்டும் மெஷின் பிடிக்கிறவர். ஆளுக்கொரு வைத்தியம் வரும். அந்த வைத்தியங்கள் பொய்யில்லை. பெரும்பாலும் வேறொரு இன்ஜினுக்கானவை.

இந்த லொறியில் இருப்பது இரண்டரை முதல் நாலரை சிசி வரையிலான சின்ன டூ ஸ்ட்ரோக் இன்ஜின். ஸ்பார்க் பிளக் கிடையாது, குளோ பிளக்தான். எரிபொருள் மெத்தனோல், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் சேர்ந்த கலவை. 1999இல் டிராக்சஸ் நிறுவனம் டி-மேக்ஸ் என்ற லொறியை விட்ட பிறகு, முன்னும் பின்னும் ஓடும் இந்தப் பெரிய சக்கர வண்டிகள் உலகம் முழுக்கப் பரவின. அவற்றோடு நம்பிக்கைகளும் பரவின.

“குளிர்க்காற்று அடர்த்தியானது. மலைக்கு வந்தால் நீடிலைத் திறந்து எரிபொருளைக் கூட்ட வேண்டும்.”

மலையகத்தில் அதிகம் கெடுதல் செய்வது இந்த நம்பிக்கைதான். அதில் பாதி உண்மை இருப்பதால் எளிதில் சாவதும் இல்லை. குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பது சரி. ஆனால் நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறத்தாழ 80 விழுக்காடுதான். கொழும்பில் 28 பாகை, நுவரெலியாவில் 16 பாகை என்று வைத்துக் கணக்குப் போட்டால், குளிர் கூட்டித் தருவது 4 விழுக்காடு, உயரம் பறித்துக்கொள்வது 20 விழுக்காடு. இரண்டையும் சேர்த்துப் பெருக்கிப் பார்த்தால் இன்ஜினுக்குள் போகும் ஒட்சிசன் கொழும்பைவிட ஏறத்தாழ 17 விழுக்காடு குறைவு. 1,271 மீட்டரில் இருக்கும் ஹட்டனில் இந்தக் குறைவு 12 விழுக்காடு அளவில் நிற்கும்.

காற்று குறைந்தால் எரிபொருளும் தானாகக் குறையாதா என்று கேட்கலாம். குறையும், ஆனால் அதே அளவுக்கு இல்லை. வெறும் துளையும் ஊசியும் (நீடில்) கொண்ட கார்புரேட்டரில் காற்று 17 விழுக்காடு மெலிந்தால், உறிஞ்சப்படும் எரிபொருள் 9 விழுக்காடு அளவுக்கே குறைகிறது. மிச்சம் எரியாத எரிபொருள். கொழும்பில் சரியாக ஓடிய லொறி இங்கே கனத்த புகை விட்டுத் தடுமாறுவது அதனால்தான். இதை மெக்கானிக்குகள் ‘ரிச்’ என்பார்கள். நீடிலை இன்னும் திறந்தால் நோய் முற்றும். மேலே வந்தால் ஹை ஸ்பீட் நீடிலைக் கொஞ்சம் மூட வேண்டும். கொஞ்சம் என்றால், ஒரு தடவைக்கு ஒரு சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு: கடிகாரத்தில் சின்ன முள் ஒரு மணியிலிருந்து அடுத்த மணிக்குப் போகிற தூரம். திருப்பிய பிறகு மைதானத்தை இரண்டு முறை சுற்றிவந்துதான் அடுத்த திருப்பம்.

குளிர்க்காற்று விதி ஒரே இடத்தில் நிற்கும்வரை செல்லும். நுவரெலியாவிலேயே காலையில் 6 பாகை, மத்தியானம் 20 பாகை என்றால், காலைக் காற்று 5 விழுக்காடு கூடுதல் அடர்த்தி. மத்தியானம் சரிசெய்த லொறிக்கு மறுநாள் காலையில் சற்றுத் திறந்துதான் கொடுக்க வேண்டும். ஒரே ஊரில் நேரத்துக்கு நேரம் பொருந்தும் விதியை ஊருக்கு ஊர் நீட்டியதுதான் பிழை.

இதைவிட முக்கியமானது இறக்கம். மேலே வரும்போது செட்டிங்கை மாற்றாவிட்டால் புகைதான், நஷ்டம் இல்லை. நுவரெலியாவில் மூடிய நீடிலோடு கினிகத்தேனை தாண்டி அவிசாவளைப் பக்கம் இறக்கி ஓட்டினால் கலவையில் எரிபொருள் குறைந்து ‘லீன்’ ஆகிவிடும். இந்த இன்ஜினுக்குத் தனியாக எண்ணெய்த் தொட்டி இல்லை. உராய்வைத் தடுக்கும் எண்ணெய் எரிபொருளோடுதான் வருகிறது. எரிபொருள் குறைந்தால் சூடு ஏறுகிற அதே நேரத்தில் எண்ணெயும் குறைகிறது. பிஸ்டனும் சிலீவும் போன பிறகு புதிது வாங்கும் விலைக்கு இன்னொரு பழைய லொறியே வாங்கலாம். இறங்குவதற்கு முன் நீடிலைத் திறந்துவிடுங்கள்.

“இன்ஜின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடு, சீறினால் சூடு அதிகம்.”

கடற்கரை ஊருக்கு இது சுமாரான வழி. தண்ணீர் அங்கே 100 பாகையில் கொதிக்கும். நுவரெலியாவில் அழுத்தம் குறைவு, ஆகவே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக இங்கே நேரம் எடுப்பதும் அதனால்தான். இந்த இன்ஜின்கள் குளோ பிளக்கை ஒட்டிய இடத்தில் 100 முதல் 120 பாகை வரை சூட்டில் ஓட வேண்டியவை. மலையில் சொட்டு சீறுவதைப் பார்த்துப் பயந்து எரிபொருளைக் கூட்டுகிறவர், நல்ல சூட்டில் ஓடும் இன்ஜினைக் கெடுக்கிறார்.

கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று யாராவது எடுத்து நீட்டுவார்கள். அவற்றில் பெரும்பாலானவை மனித உடம்பின் சூட்டுக்கு மேல் காட்டாது. கைத்தொழிலுக்கு விற்கிற, 200 பாகைக்கு மேல் அளக்கும் இன்பிராரெட் வெப்பமானிதான் வேண்டும். அதுவும் துணைக்குத்தான். வேகமாக ஓடும்போது பின்னால் மெல்லிய நீலப் புகை தெரிகிறதா, த்ராட்டில் கொடுத்ததும் தடங்கலில்லாமல் பாய்கிறதா என்பதே முதல் கேள்வி. புகையே தெரியாமல் விசில் அடிப்பதுபோல் ஓடுகிற இன்ஜினைப் பார்த்து “என்ன வேகம்!” என்று கைதட்டுகிறவர்கள் அதன் கடைசி ஓட்டத்துக்குக் கைதட்டுகிறார்கள்.

“பெற்றோலில் டூ டி ஓயில் கலந்து ஊற்றினால் போதும்.”

புல்வெட்டும் மெஷினுக்கு அது சரி. இங்கே ஓடாது. குளோ பிளக்கின் சுருள் பிளாட்டினக் கம்பி. தொடக்கத்தில் ஒன்றரை வோல்ட் பற்றரியால் அதைச் சிவக்க வைக்கிறோம். பற்றரியை எடுத்த பிறகும் அது சிவந்தே இருப்பதற்குக் காரணம், மெத்தனோல் ஆவி பிளாட்டினத்தின்மேல் பட்டதும் வேதிவினை நடந்து சூடு பிறப்பதுதான். ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கும் அழுத்தச் சூடும் எரிதலின் சூடும் சேர்ந்து கம்பியை அணையவிடாமல் காக்கின்றன. 1947இல் அமெரிக்காவில் ரே ஆர்டன் குளோ பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு சின்ன விமான இன்ஜின்கள் மின்சுருள், பற்றரிப் பாரத்திலிருந்து விடுபட்டன. பெற்றோலுக்குப் பிளாட்டினத்தோடு அந்த உறவு இல்லை. பற்றரியை எடுத்ததும் இன்ஜின் நின்றுவிடும். நைட்ரோ எரிபொருளில் எண்ணெய் ஏற்கெனவே கலந்திருப்பதால், “இன்னும் கொஞ்சம் ஓயில் ஊற்றினால் நல்லதுதானே” என்பதற்கும் இடமில்லை.

“நைட்ரோ விழுக்காடு கூடினால் வேகம் கூடும்.”

சமவெளியில் இதைக் கொஞ்சம் ஏளனமாகவே பார்ப்பேன். மலையில் இதற்கு நியாயம் இருக்கிறது. நைட்ரோமீத்தேன் தன் மூலக்கூறுக்குள்ளேயே ஒட்சிசனைச் சுமந்து வருகிறது. ஒரு கிலோ மெத்தனோல் எரிய ஆறரைக் கிலோ அளவு காற்று வேண்டும், நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ போதும். காற்று மெலிந்த இடத்தில் 20 விழுக்காட்டிலிருந்து 30 விழுக்காட்டுக்குப் போனால் இழந்த பலத்தில் ஒரு பகுதி திரும்பும். ஆனால் விழுக்காட்டைக் கூட்டினால் நீடிலையும் திறக்க வேண்டும், ஏனெனில் அதே காற்றுக்கு இப்போது கூடுதல் எரிபொருள் எரிகிறது. பழைய செட்டிங்கிலேயே புதுப் போத்தலை ஊற்றுகிறவர் இன்ஜினை லீன் ஆக்குகிறார். முழுப் பலமும் எப்படியும் திரும்பாது. தோட்டத்து மேடுகளுக்கு கிளட்ச் பெல்லில் ஒரு பல் குறைந்த கியரைப் போடுவதே மலிவான, நிம்மதியான வழி.

“புது இன்ஜின் கையால் சுற்ற முடியாமல் இறுகியிருக்கிறது. பழுது.”

பழுதில்லை, நல்ல இன்ஜின் அப்படித்தான் இருக்கும். சிலீவின் மேல்பகுதி வேண்டுமென்றே சற்றுக் குறுகலாகக் கடையப்பட்டிருக்கிறது. சூடேறியதும் விரிந்து சரியான அளவுக்கு வரும். குளிர் உண்மையில் தொல்லை தருவது இங்கேதான். தை, மாசியில் புல்மேல் உறைபனி படியும் நுவரெலியா விடியலில் புது இன்ஜினின் கயிற்றைப் பிடித்து இழுத்தால், கயிறு அறும், இல்லையென்றால் கனெக்டிங் ராட் வருந்தும். தலைமுடி உலர்த்தும் கருவியால் சில நிமிடம் சூடாக்கிவிட்டு இழுங்கள். “முதல் டாங்கியை நின்ற இடத்திலேயே உறுமவிட்டுத் தீர்க்க வேண்டும்” என்பதும் குளிரில் பொருந்தாது. நின்று உறுமும் இன்ஜின் சூடேறாமல், இறுகிய நிலையிலேயே உரசிக்கொண்டிருக்கும். குளிரூட்டும் தலையின் ஒரு பகுதியை அலுமினியத் தாளால் மூடி, கலவையைச் சற்று ரிச்சாக வைத்து, மெதுவாக ஓட்டியே பழக்குங்கள். ஓட்டத்திலும் சூடு ஏறாவிட்டால் தாளைக் கூட்டுங்கள், சூட்டுக்காக நீடிலை மூடாதீர்கள்.

மற்றவை சில்லறை. சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து உறுமவிட்டுச் செட்டிங் வைப்பது வீண். பாரமில்லாத இன்ஜின் எல்லாக் கலவையிலும் அழகாகப் பாடும். மழை, மூடுபனி நாளில் பிரச்சினை ஈரக் காற்று அல்ல, ஏர் பில்டரில் ஒட்டும் சேறு. பில்டரைக் கழுவி, காயவைத்து, பில்டர் எண்ணெய் தடவாமல் ஓட்டக் கூடாது. மாலையில் டாங்கியைக் காலி செய்து, மிச்ச எரிபொருள் தீரும்வரை ஓடவிட்டு, ஆப்டர் ரன் ஓயில் சில சொட்டு விடாவிட்டால், மெத்தனோல் இழுத்துவைக்கும் ஈரம் பெயரிங்கைத் தின்றுவிடும். தேயிலைச் செடிகளுக்கிடையில் ஓட்டவே வேண்டாம். கானுக்குள் விழுந்த லொறியைவிட கொழுந்தில் தெறிக்கும் எண்ணெய்தான் பெரிய வம்பு. வெளிநாட்டில் வேலை செய்கிற உறவினரிடம் எரிபொருள் கேட்டு எழுதுகிறவர்களுக்கு: இது தீப்பற்றும் திரவம், பயணிகள் விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுவர முடியாது.

“இதுவும் ஒரு வகை ஸ்பிரிட்தானே.”

இந்த வாக்கியம் ஆளைக் கொல்லும். மெத்தனோல் உடம்புக்குள் போமிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை அழிக்கும். சில மிடறே பார்வையைப் பறிக்கப் போதும், உயிரையும் பறிக்கும். குடித்தவுடன் ஒன்றும் தெரியாமல், பல மணி நேரம் கழித்தே பார்வை மங்கத் தொடங்குவதும் உண்டு. தீப்பிடித்தால் அதன் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. லய அறையில் அடுப்பும் படுக்கையும் சில அடி தூரத்தில் இருக்கின்றன. மண்ணெண்ணெயை சோடாப் போத்தலில் ஊற்றிவைக்கும் பழக்கமும் இருக்கிறது. நைட்ரோ எரிபொருளை அதன் சொந்தக் கேனில் மட்டும், மூடி இறுக்கி, வீட்டுக்கு வெளியே பூட்டிவையுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைத்து நேரம் போக்காமல், கேனையும் எடுத்துக்கொண்டு டிக்கோயாவோ நுவரெலியாவோ, எது கிட்டவோ அந்த வைத்தியசாலைக்கு உடனே கொண்டு போங்கள்.