கண்ணாடி நாராலும் காபன் நாராலும் மோட்டார் வண்டியின் புறவுறுப்புக்கள் ஆக்கல்

மோட்டார் வண்டியின் கூடு தகரத்தாலன்றி வேறொரு பொருளாலும் ஆகலாம் என்பதை உலகம் கண்கூடாகக் கண்டது 1953ஆம் ஆண்டிலாம். அவ்வாண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துப் பிளின்ற் நகரிலே செவ்ரொலே நிறுவனத்தார் கொர்வெற் என்னும் வண்டிகள் 300ஐக் கண்ணாடி நார்க் கூட்டுடன் கட்டினர். ஆயின் பெருந்தொழிற்சாலையார் மாத்திரமே இக் கலையைக் கையாண்டனர் என எண்ணற்க. அதே காலத்தில் இங்கிலாந்திலே, பழைய ஒஸ்ரின் செவன், போட் வண்டிகளின் அடிச்சட்டத்தின் மீது கண்ணாடி நார்க் கூட்டினைப் பூட்டித் தம் வீட்டுக் கொட்டிலிலேயே வண்டி அமைத்துக் கொண்டோர் பலர். தகரத்தை வளைக்கப் பெரும் அமுக்கு யந்திரமும் உருக்கு அச்சும் வேண்டும். இதற்கோ தூரிகையும் கத்தரிக்கோலும் பொறுமையும் போதும்.

நம் நாட்டிலும் இதற்குத் தேவை உண்டு. யாழ்ப்பாணத்து வீதிகளில் ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஓடியமை யாவரும் அறிந்ததே. இத்தகைய பழைய வண்டிகளில் எஞ்சின் நன்றாயிருக்க, மட்காட் உப்புக் காற்றாற் கறள் பிடித்து உதிர்கின்றது. புதியது வாங்கவோ கிடைப்பதில்லை. கண்ணாடி நாருக்குக் கறள் இல்லை. நம் கரைகளில் மீனவர் செலுத்தும் படகுகளிற் பல இப்பொருளால் ஆனவையே. ஆதலின் அதனைக் கையாளத் தெரிந்த கைகளும் நம்மிடையே உள.

இக் கலையின் அடிப்படை, நம் முன்னோர் மண்சுவர் எழுப்பிய அதே நெறியாம். குழைத்த மண்ணுடன் வைக்கோலைச் சேர்த்தனர். மண் உருவைத் தந்தது, வைக்கோல் அதனை வெடியாது பிணித்தது. ஈண்டு மண்ணின் இடத்திற் பிசினும், வைக்கோலின் இடத்திற் கண்ணாடி நாரும் நிற்கின்றன. மெல்லிய கண்ணாடி இழை, அதே நிறையுடைய சாதாரண உருக்கிலும் பன்மடங்கு இழுவையைத் தாங்கவல்லது. உருக்கின் அடர்த்தி 7.8 ஆக, கண்ணாடியினது ஏறக்குறைய 2.5 மாத்திரமே. ஆகவே பலம் நாரில் உளதேயன்றிப் பிசினில் இல்லை. புதிதாகத் தொடங்குவோர் இதனை மறந்து பிசினை வாரி ஊற்றுவர். வெட்டிய இழைகளாலான பாய்க்கு அதன் நிறையைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு பிசினும், நெய்த துணிக்கு ஏறத்தாழச் சமநிறைப் பிசினும் போதும். மிகுந்த பிசின் பாரத்தையும் வெடிப்பையுமே தரும்.

வேலையின் பெரும்பகுதி அச்சிலேயே செல்கின்றது. நல்ல நிலையிலுள்ள மட்காட் ஒன்றை மூலமாகக் கொண்டு, அதன் நெளிவுகளை நிரப்பி, அரத்தாளால் தேய்த்து மினுக்குதல் வேண்டும். மூலத்தின் புறமுகத்திற் காணும் ஒவ்வொரு கீறலும் அச்சின் உள்முகத்திற் பதிந்து, பின்னர் அதிற் பிறக்கும் உறுப்பு ஒவ்வொன்றிலும் தோன்றும். எண்ணெய் பூசாத அச்சிலிருந்து மோதகம் முழுதாய் வாராது. அதுபோல மெழுகு பூசாத மூலத்திலிருந்து அச்சும் வாராது. ஐந்தாறு முறை மெழுகிட்டு, ஒவ்வொரு முறையும் உலரவிட்டுத் துடைத்தல் நன்று. உறுப்பின் விளிம்பு உட்புறமாக மடிந்திருப்பின் அச்சை இரு பகுதிகளாகச் செய்து திருகாணியாற் பூட்டல் வேண்டும். இன்றேல் உறுப்பு அதனுள்ளேயே சிறைப்படும். கூரிய மூலைகளிற் கண்ணாடிப் பாய் படியாது எழும்பி நிற்குமாதலின், அவற்றைச் சிறிது உருட்டி அமைத்தல் தகும். அச்சின் கனம் உறுப்பினதிலும் இரு மடங்கேனும் இருத்தல் வேண்டும்.

அச்சினுள்ளும் மெழுகிட்டு, அரை மில்லிமீற்றர் அளவில் மேற்பூச்சுப் பிசினைத் தடவி, அது தொட்டால் ஒட்டியும் விரலில் வாராத பதத்தில், சதுர மீற்றருக்கு 450 கிராம் நிறையுள்ள பாயைப் பிசினில் நனைத்து ஒன்றன்மேலொன்றாக இடுதல் வேண்டும். மட்காட்டிற்கு மூன்று படை போதும். ஒவ்வொரு படையிலும் காற்றுக் குமிழிகளை உருளையால் வெளியேற்றாவிடின், வெயிலில் அவை கொப்புளமாக வெளிப்படும்.

இனி, மாணவர் சிறப்பாக உளங்கொள வேண்டியது ஒன்று. பொலியெசுத்தர்ப் பிசின் இறுகுதற்குச் சேர்க்கும் பேரொட்சைட்டு, நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கே வேண்டும்; நம் வெப்பத்தில் ஒன்றே பெரும்பாலும் போதும். அதன் ஒரு துளி கண்ணிற் பட்டாற் பார்வையே போகலாம். விரைவூட்டும் கோபாற்றுத் திரவத்துடன் அதனை நேரே கலந்தால் வெடிக்கும். ஒன்றைப் பிசினில் முற்றக் கலந்த பின்னரே மற்றதைச் சேர்த்தல் வேண்டும். கலந்த பிசினை ஆழமான வாளியில் விட்டுவைத்தால் தன் சூட்டினாலேயே புகைந்து தீப்பற்றவுங் கூடும். ஆதலின் அகன்ற தட்டிற் சிறிது சிறிதாகக் கலக்குக. மூக்கிற் கட்டிய கைக்குட்டை தைரீன் ஆவியைத் தடுக்காது. அதற்குரிய வடியுடைய முகமூடியே தடுக்கும்.

காபன் நாரின் வரலாறு வேறு. 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் யப்பானிலும், இங்கிலாந்தின் பாண்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்திலும், செயற்கைக் கம்பளிக்குரிய நாரை முதலிற் காற்றிற் சூடாக்கிப் பின் ஒட்சிசன் அணுகாவண்ணம் 1000 பாகைக்கு மேற் கருக்கி இதனை ஆக்கக் கண்டனர். 1981இல் ஜோன் பானாட் வடிவமைத்த மக்லாரன் பந்தய வண்டியின் உடல் இதனால் ஆயது. அவ்வாண்டே இத்தாலியின் மொன்சாவில் அவ்வண்டி மோதி எஞ்சின் வேறாகப் பிரிந்தும், ஓட்டிய ஜோன் வாற்சன் உயிர்தப்பி நடந்து வந்தார். இதனைக் கேட்போர் தம் கொட்டிலிற் செய்வதும் அத்தகையதே என மயங்குதல் கூடாது. அஃது உயர்ந்த அமுக்கமும் வெப்பமும் கொண்ட அடுப்பிற் பதப்படுத்தியது. நாம் செய்வதோ கையாற் பூசியது.

வீட்டிற் செய்வோர் எபொட்சிப் பிசினையும் நெய்த காபன் துணியையும் கையாள்வர். சாதாரண வெப்பநிலையில் இறுகிய எபொட்சி பல, 60 பாகையளவிலேயே இளகத் தொடங்கும். நண்பகல் வெயிலிற் கரிய பொனற்று அதனைக் கடந்து சூடேறும். ஆதலின் உறுப்பை அச்சிலிருந்து எடுக்குமுன், பிசின் செய்தோர் கூறும் அளவிற் சூடேற்றிப் பதப்படுத்தல் இன்றியமையாதது. காபன் மின்னைக் கடத்தும். அலுமினியத்துடன் நேரே தொட்டிருந்தால் ஈரத்தில் அவ்வலோகம் அரிபடும். இடையே ஒரு படை கண்ணாடித் துணியை இடுக. கரிய நெசவின் அழகுக்காக மாத்திரம் மட்காட்டையும் காபனாற் செய்வோர் உளர். அவர் பணம் அவர்க்கு. யாம் கண்ணாடி நாரே போதும் என்போம்.

எவ்வுறுப்பையும் இவ்வாறு ஆக்கலாமோ எனின், ஆக்கலாகாது. மட்காட், பொனற்று, பின்மூடி, விளக்கின் வளையம் ஆகியவை மூடுவனவேயன்றித் தாங்குவன அல்ல. இவற்றைத் துணிந்து செய்யலாம். ஆசனம் பூட்டும் தளம், சில்லைத் தாங்கும் கைகள், மோதலைத் தாங்கும் சட்டம் ஆகியவற்றை ஒருபோதும் செய்தல் கூடாது. உருக்கு வளைந்து எச்சரிக்கும். காபன் எச்சரிக்கையின்றி ஒடியும். பொனற்றிலுங்கூடப் பிணைச்சலும் கொளுக்கியும் பூட்டும் இடங்களில் அகன்ற உலோகத் தகட்டைப் படைகளினிடையே பதித்து, முன்புறத்தில் இரு பூட்டாணிகளையும் மேலதிகமாக இடுதல் வேண்டும். வேகத்திற் காற்று கீழ்ப்புகுந்து பொனற்றைக் கிளப்பினால், அது வந்து மோதுவது ஓட்டுநரின் கண்ணாடியிலேயாம்.