புல் மருந்துக்கு முன் ஒரு கணக்கு

ஐப்பசியில் இரண்டு நல்ல மழை பெய்துவிட்டால் போதும், ஸ்ரீரங்கத்துக் குடியிருப்புகளின் பேவர் பிளாக் இடுக்கெல்லாம் பச்சை தலைகாட்டும். சாரணை, மூக்கிரட்டை, அம்மான் பச்சரிசி, தண்ணீர்த் தொட்டி மூலையில் கோரை, மதில் ஓரம் பார்த்தீனியம். அடுத்த வாரமே சங்கச் செயலாளர் போன் செய்வார். "ஏம்ப்பா, ஆள் விட்டுப் பிடுங்கினா மூணு நாள் ஆகும்கிறே. மருந்து அடிச்சுட்டா ஒரே நாள்ல முடிஞ்சுடாதோ?"

திருச்சியில் தோட்டப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுக்கும் எவரும் இந்தக் கேள்விக்குத் தப்பியிருக்க மாட்டார். "ஆமாம் சார், அடிச்சுடலாம்" என்று சொல்லிவிடுவது சுலபம். சொல்வதற்கு முன் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பத்து சென்ட் வளாகம் என்று வைத்துக்கொள்வோம். கிளைபோசேட் 41 சதவீத மருந்தை லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி கலந்தால், பத்து சென்ட்டுக்கு இருபது லிட்டர் கரைசல், அதாவது 200 மில்லி மருந்து. லிட்டர் 500 ரூபாய் என்றால் செலவு வெறும் 100 ரூபாய். இந்த நூறு ரூபாய்தான் எல்லோரையும் மயக்குகிறது. அடித்த ஆளுக்கு அரை நாள் கூலி, பாதுகாப்புச் சாமான்களையும் சேர்த்து 500 போடுங்கள். பத்துப் பதினைந்து நாளில் களை பழுத்துக் காயும். காய்ந்த சருகை வாசலில் விட்டுவைக்க எந்தச் சங்கம் சம்மதிக்கும்? அதைச் சுரண்டி அள்ள ஓர் ஆள் கூலி 600. ஆக ஒரு தடவைக்கு 1,200. மண்ணில் கிடக்கும் விதையை இந்த மருந்து தொடாது, அதனால் அடுத்த மழைக்குப் புதுசாக முளைக்கும். வருஷத்துக்கு ஆறு தடவை அடித்தால் 7,200. தனி டேங்க், நாசில், கையுறை தேய்மானத்துக்கு ஒரு 800. மொத்தம் 8,000.

மருந்தில்லாத வழிக்கும் அதே தாளில் கணக்கு எழுதுங்கள். முதலில் வேரோடு எடுக்க நான்கு ஆள், 2,400. பாத்திகளுக்கு மூடாக்கு இரண்டு வண்டி, 5,000. மாதம் அரை நாள் சுற்றிப் பார்த்து முளைப்பதைக் கிள்ளியெடுக்க 300 வீதம் 3,600. முதல் வருஷம் 11,000 ஆகிறது, மருந்தைவிட மூவாயிரம் அதிகம். இதை வாடிக்கையாளரிடம் மறைக்க வேண்டாம். இரண்டாம் வருஷம் மூடாக்கு ஒரு வண்டி போதும்: 2,500, அதனுடன் 3,600, மொத்தம் 6,100. கூலியும் விலையும் உங்கள் பக்கத்தில் வேறாக இருக்கும், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கின் போக்கு பெரிதாக மாறாது.

யார் அடிக்கலாம்?

இந்தக் கேள்வியைக் கேட்காமலே பலர் டேங்க்கைத் தோளில் மாட்டிவிடுகிறார்கள். 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ்தான் களைக்கொல்லியும் வருகிறது. 2022 அக்டோபரில் மத்திய வேளாண் அமைச்சகம் கொண்டுவந்த கட்டுப்பாட்டின்படி, கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் தவிர வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது. அந்த உரிமத்துக்கு வேளாண் பட்டமோ, வேதியியல் படித்த அறிவியல் பட்டமோ வேண்டும். அதற்கு மேல் ஹைதராபாத்திலுள்ள தேசியப் பயிர்நல மேலாண்மை நிறுவனம், மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் குறைந்தது 15 நாள் பயிற்சி வேண்டும். கடையில் கேட்டதும் பாட்டில் கிடைக்கிறது என்பதால் அடிக்கும் உரிமையும் கிடைத்துவிடாது. நாளை யாருக்காவது ஏதாவது ஆனால் உரிமம் எங்கே என்று கேட்கப்படப் போவது கடைக்காரர் அல்ல, நீங்கள். மருந்து அடித்தே ஆக வேண்டிய இடமென்றால் உரிமம் உள்ளவரிடம் அந்த வேலையை மட்டும் விடுங்கள். அவர் பில்லைக் கோப்பில் வையுங்கள். உங்கள் குழுவில் பட்டம் படித்த பிள்ளை யாராவது இருந்தால் அந்தப் பயிற்சிக்கு அனுப்புவது நல்ல முதலீடு. தோட்டத்தோடு கரையான், கொசு வேலைக்கும் அது வழி திறக்கும்.

பாராக்வாட் என்ற களைக்கொல்லியின் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள். அடித்த இரண்டாம் நாளே கருகிவிடும் என்பதால் சிலருக்கு அதில் ஆசை. உள்ளே போனால் நுரையீரலை இறுக்கிக் கொல்லும். மாற்று மருந்து கிடையாது. புண்ணுள்ள தோல் வழியாகவும் ஏறும். இலங்கையில் அது தடை, ஐரோப்பிய ஒன்றியம் 2007லேயே விலக்கிவிட்டது, கேரளம் 2011இல் தடை செய்தது. பெண்களும் அவர்கள் கூட்டிவரும் சிறு பிள்ளைகளும் இருக்கும் வேலையிடத்தில் அந்த டப்பாவை வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

கிளைபோசேட் விஷயத்தில் வல்லுநர்கள் ஒரே கட்சியாக இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 மார்ச்சில் அதை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற வகையில் சேர்த்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அப்படிச் சொல்லவில்லை. இலங்கை 2015இல் தடை செய்து, 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தளர்த்தி, 2022இல் தடையையே நீக்கியது. நம் தொழில்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. கலிபோர்னியாவில் பள்ளி வளாகங்களைப் பராமரித்த டிவெய்ன் ஜான்சன், தனக்கு வந்த ரத்தப் புற்றுநோய் வகைக்குக் கிளைபோசேட் களைக்கொல்லியே காரணம் என்று அதைத் தயாரித்த மான்சான்டோ நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். 2018இல் நடுவர் குழு 28.9 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டுக்குப் பின் அது சுமார் 2 கோடி டாலராகக் குறைந்தது. அவர் செய்தது உங்கள் ஆட்கள் செய்யும் அதே வேலை. வல்லுநர்கள் ஒரு முடிவுக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, தோலில் படாமல் பார்த்துக்கொள்வதை இன்றைக்கே தொடங்கலாம்.

உடம்பில் படுவது அடிக்கும்போதைவிடக் கலக்கும்போதுதான். மூடியில் அளந்து ஊற்றுவது, குச்சி கிடைக்காமல் கையாலேயே கலக்குவது, அடைத்த நாசிலை வாயால் ஊதுவது, அந்தக் கையோடு வெற்றிலை போடுவது. இந்த நான்கையும் நிறுத்தினாலே பாதி ஆபத்து குறையும். நைட்ரைல் கையுறை, முகத்தட்டு, முழுக்கைச் சட்டை, பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். மூக்கில் கட்டும் ஈரத்துண்டு பாதுகாப்பு அல்ல, அது மருந்தை உறிஞ்சி முகத்திலேயே வைத்திருக்கும். அடித்த இடத்துக்குள் திரும்ப நடக்காமல் பின்னோக்கி நகர்ந்தபடி அடிக்க வேண்டும். ஆடிக் காற்றில் அடிக்கவே வேண்டாம். 2,4-டி வகைக் களைக்கொல்லியின் சாரல் பக்கத்துத் தக்காளியையும் பப்பாளியையும் சுருட்டிவிடும். காவிரிக் கரையில் அடுத்த மனை தோட்டமாக இருப்பது சகஜம், நஷ்ட ஈட்டுக்கு உங்கள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். 1800 116 117 என்ற எய்ம்ஸ் விஷத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண்ணை எல்லா ஆட்களின் போனிலும் பதிந்து வையுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது பாட்டிலின் லேபிளையும் எடுத்துப் போக வேண்டும், சிகிச்சையே அதைப் பார்த்துத்தான்.

நான் பட்ட பாடு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டில் புல் மருந்து அடித்த டேங்க்கை ஒரே ஒரு தடவை தண்ணீர் விட்டு அலசிவிட்டு, மறுவாரம் அதே டேங்க்கில் வேப்பெண்ணெய் கலந்து இன்னொரு வீட்டு ரோஜாவுக்கு அடிக்க விட்டுவிட்டேன். மூன்று வாரத்தில் புதுத் துளிரெல்லாம் இலையாக விரியாமல் ஊசி ஊசியாக, வெளிறிய மஞ்சளில் கொத்தாக வந்தது. இருபத்திரண்டு செடி. அந்த வீட்டு அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. செடி செடியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தார். புதுச் செடி வாங்கி நட்டேன், ஆனால் அந்த வீட்டு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. களைக்கொல்லிக்கு என்று ஒரு டேங்க்கைச் சிவப்புப் பெயின்ட் அடித்துத் தனியே வையுங்கள்.

இந்த ஊருக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. நமக்குக் களையாகத் தெரிவது அடுத்தவருக்குக் கீரை, மருந்து, பூஜைப் பொருள். சதுர்த்தி வந்தால் காலிமனையில் உட்கார்ந்து அருகம்புல் கிள்ளிக்கொண்டிருக்கும் பாட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதில் கொஞ்சம் பிள்ளையாருக்கு மாலையாகப் போகும், கொஞ்சம் வீட்டில் சாறாகும். மூக்கிரட்டையையும் கீழாநெல்லியையும் பறித்துப் போகிறவர்கள் வேறு, தெருவில் திரியும் மாடும் ஆடும் வேறு. அடித்து நான்கு நாள் வரை புல் பச்சையாகவேதான் நிற்கும், பார்த்தால் தெரியாது. மருந்து அடித்த இடத்தில் தமிழில் பெரிய எழுத்தில், தேதியோடு பலகை வையுங்கள். வேலி இல்லாத மனையில் அடிக்கவே ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கை, வெயில், மூடாக்கு

களையெடுப்பில் நம்மவர்களுக்குப் பழைய கை உண்டு. கோயில்களில் புல் செதுக்க உழவாரப் படையைத் தூக்கிச் சென்றவர் அப்பர். அவர் பாடிய திருவானைக்காவும் ஸ்ரீரங்கம் இருக்கும் இதே காவிரித் தீவில்தான் இருக்கிறது. உழவாரப் பணிக் குழுக்கள் இன்றைக்கும் பிரகாரங்களில் அதே வேலையைச் செய்கின்றன. கல் இடுக்கில் முளைத்த அரசங்கன்றை அவர்கள் வேரோடு இழுக்கிறார்கள். மருந்து அடித்தால் இலை காயும், வேர் கல்லுக்குள்ளேயே கிடக்கும். பேவர் பிளாக் இடுக்குக்கும் இதுவே பாடம். கொக்கிபோல் வளைந்த முனையுள்ள கத்தியால் கீறி எடுத்துவிட்டு, இடுக்கைச் சிமெண்ட் கலந்த மணலால் அடைத்துத் தண்ணீர் தெளித்துவிட்டால் விதை விழ இடமில்லை.

நேரம் பார்த்தால் கூலி பாதியாகும். ஸ்ரீரங்கத்து மண் ஆற்று வண்டல், மழை நின்ற மறுநாள் காலை சாரணை ஆணிவேரோடு வந்துவிடும். நான்கு நாள் காய்ந்தால் தண்டு அறுந்து கையோடு வரும், வேர் உள்ளே தங்கிவிடும். பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன் பிடுங்க வேண்டும், கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். தோல் அரிப்பும் இளைப்பும் அதன் கொடை. 1950களில் புனே பக்கம் கண்டறியப்பட்ட செடி இன்று எங்கேயும் இருக்கிறது. அதைத் தின்பதற்கென்றே மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டை 1980களில் கொண்டுவந்தார்கள். இலையில் அந்தக் கோடுபோட்ட வண்டு தெரிந்தால் அந்த இடத்தை விட்டுவையுங்கள், அது உங்களுக்குக் கூலியில்லாமல் வேலை செய்கிறது.

திருச்சி வெயிலைத் திட்டுவதை விட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். கத்திரி தொடங்குவதற்குச் சற்று முன், புல்தரை போடப்போகும் இடத்தைக் கொத்திச் சமன்செய்து, நன்றாகத் தண்ணீர் கட்டி, நிறமில்லாத மெல்லிய பாலிதீன் விரிப்பை ஒட்டப் போட்டு ஓரத்தை மண்ணால் மூடுங்கள். நான்கு முதல் ஆறு வாரம். அடியில் ஏறும் சூட்டில் விதைகள் பெரும்பாலும் வெந்துவிடும். கறுப்பு விரிப்பைவிட நிறமில்லாததுதான் இதற்குச் சூடு பிடிக்கும். எடுத்தபின் ஆழமாகக் கொத்தாதீர்கள், கீழே உள்ள விதை மேலே வந்துவிடும்.

கோரை மட்டும் இதற்கும் முழுதாக மசியாது. கிழங்கு கிழங்காகச் சங்கிலி போட்டு இறங்கியிருக்கும். ஈர மண்ணில் முள்கரண்டியால் கிளறிக் கிழங்கோடு எடுத்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். ஒரு பருவம் விடாமல் செய்தால் அடங்கும். எடுத்த கிழங்கைக் கழுவிச் சாக்கில் காயவைத்தால் வாசனை வரும், நாட்டு மருந்துக் கடைகளில் குளியல் பொடிக்குப் போகும் சரக்கு அது. மருந்து அடித்த இடத்துக் கிழங்கை ஒருபோதும் கொடுக்கக் கூடாது.

மூடாக்குக்கு வெளியே தேட வேண்டாம். வாழைச் சருகு, தேங்காய் மட்டை, தென்னை நார்க்கழிவு எல்லாம் சுற்றுவட்டாரத்திலேயே கிடைக்கும். நான்கு விரற்கடை உயரத்துக்குக் குறைந்தால் பயனில்லை, செடியின் தண்டை ஒட்டிப் போட்டால் தண்டு அழுகும். பெரிய வெற்றிடங்களில் தட்டைப்பயறோ சணப்பையோ விதைத்து, பூக்கும் சமயம் மடக்கி விட்டால் களை தலைதூக்காது, மண்ணும் தேறும். பிரஷ் கட்டர் வேகமான கருவி, ஆனால் கல் தெறிக்கும், கண்ணாடி இல்லாமல் கொடுக்காதீர்கள்.

உப்புக் கரைசல் அடிக்கும் பழக்கம் உண்டு. பார்த்தீனியத்துக்கு லிட்டருக்கு 200 கிராம் உப்பு என்று வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையே இருக்கிறது. சாலையோரத்துக்குச் சரி. வீட்டுத் தோட்டத்தில் அடித்தால் அந்த மண்ணில் அப்புறம் எதுவும் ஒழுங்காக வளராது. உவர் நிலத்தைத் திருத்தும் வழிகளை நாவலூர் குட்டப்பட்டு வேளாண் கல்லூரியில் ஆராய்ந்துகொண்டிருக்கும்போது, நாமே காசு கொடுத்து நிலத்தை உவராக்குவதா? சமையல் வினிகர் பிஞ்சுக் களையைத்தான் சுடும், கோரைக்கு அது பொருட்டே இல்லை.

இனி கொட்டேஷன். 'களைக்கொல்லி அடிக்க இவ்வளவு' என்று தடவைக் கணக்கில் எழுதாதீர்கள். அப்படி எழுதினால் களை திரும்ப முளைப்பதில்தான் உங்கள் வருமானம் இருக்கும், வாடிக்கையாளரும் ஒவ்வொரு தடவையும் பேரம் பேசுவார். 'வருஷம் முழுக்கக் களைப் பராமரிப்பு, மாதத் தவணை இவ்வளவு, முதல் மாதம் மூடாக்குக்கு முன்பணம் இவ்வளவு' என்று எழுதுங்கள். எந்த இடத்தில் எந்த முறை, மருந்து உண்டா இல்லையா, உண்டென்றால் யார் அடிப்பார், எத்தனை நாள் முன்னால் அறிவிப்பு என்று நான்கு வரி சேருங்கள். செயலாளர் அதைச் சங்கக் கூட்டத்தில் படித்துக் காட்ட வசதியாக ஒரே பக்கத்தில் இருக்கட்டும், மேலே போட்ட இரண்டு வருஷக் கணக்கோடு. மூலிகை, பயறு, உவர் மண் பற்றிச் சந்தேகம் இருந்தால் சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்தில் நேரில் போய்க் கேட்கலாம்.

இந்தத் தாளைப் புரட்டாசியிலேயே கொடுத்துவிடுங்கள். ஐப்பசி மழை பெய்து பச்சை ஏறியபின் எல்லோருக்கும் அவசரம், அப்போது காதில் விழுவது மருந்து என்ற ஒரே வார்த்தைதான்.